வீட்டுக் கணினியின் வட்டுக்கு எந்தக் கோப்பு முறைமை? காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி என் பிழைப்பு அன்று. பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இருபது வருடத்துக்கு முன்னால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மேல் பைத்தியம் பிடித்தது, இன்னும் தெளியவில்லை. அதனால் எங்கள் தெருவில் ஒரு ஹார்ட் டிஸ்க் முரண்டு பிடித்தால் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீட்டு முகப்புக்குத்தான் வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

கோப்பு முறைமை என்பது என்ன? அது இல்லாமல் வட்டைப் பயன்படுத்த முடியாதா?

வட்டு என்பது எண்ணிட்ட கட்டங்களின் வரிசை, அவ்வளவுதான். கட்டத்துக்கு 4,096 பைட் என்று வைத்தால் ஒரு டெராபைட் வட்டில் ஏறத்தாழ 24 கோடிக் கட்டங்கள் இருக்கும். எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் கிடக்கிறது, எது காலி, எப்போது எழுதியது, யாருக்கு உரிமை என்று கணக்கு வைப்பதுதான் கோப்பு முறைமையின் வேலை. பேரேடு தொலைந்த கடையில் சரக்கு அப்படியே இருக்கும். எது யாருடையது என்று மட்டும் தெரியாது. கோப்பு முறைமை கெட்ட வட்டும் அதே நிலைதான். படங்கள் உள்ளேயே இருக்கும், எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

விளக்கமெல்லாம் அப்புறம். எதைப் போடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

விண்டோஸ் மட்டும் ஓடும் கணினியின் உள்வட்டுக்கு என்டிஎஃப்எஸ். லினக்ஸ் மட்டும் ஓடினால் ஈஎக்ஸ்டி4. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஊர் சுற்றும் வெளிவட்டுக்கும் பெரிய பென் டிரைவுக்கும் எக்ஸ்ஃபேட். பழைய டிவி, கார் ஸ்டீரியோ இவற்றில் செருகும் சின்ன பென் டிரைவுக்கு ஃபேட்32.

இதற்கு மேல் வேண்டாம் என்பவர்கள் காபி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மற்றவர்களுக்கு ஒன்று: இணையத்தில் எந்த முறைமை எத்தனை வேகம் என்று பட்டியல் போட்டுச் சண்டை போடுவார்கள். வீட்டுக் கணினியில் அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நான் கேட்பது வேறு. இந்த வட்டைக் கடைசியாகத் திறக்கப்போகிறவர் யார்? அவர் கையில் அன்றைக்கு என்ன கணினி இருக்கும்? பாதி வீடுகள் பூட்டிக்கிடந்து, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை.

கரண்ட் போனால் வட்டில் இருப்பது கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகலாம். எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஒரு படத்தைச் சேமிக்கும்போது வட்டில் குறைந்தது மூன்று இடங்களில் கணக்கு மாறுகிறது. காலிக் கட்டங்களின் பட்டியல், கோப்புறையில் அந்தப் படத்தின் பெயர், படம் கிடக்கும் கட்டங்களின் முகவரி. முதல் இரண்டை எழுதி மூன்றாவதை எழுதும் முன் மின்சாரம் நின்றால் பற்றும் வரவும் ஒத்துப்போகாது.

இதற்கு மருந்து நான் பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் பதி, பிறகு பேரேட்டுக்கு எடுத்தெழுது. கோப்பு முறைமையும் "இந்த மூன்று மாற்றங்களைச் செய்யப்போகிறேன்" என்று வட்டின் ஓர் ஓரத்தில் முதலில் பதிந்துவிட்டு அதற்குப் பிறகே செய்கிறது. நடுவில் கரண்ட் போனாலும், மறுபடி வந்ததும் குறிப்பேட்டைப் புரட்டி விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும். சில நொடி வேலை. குறிப்பேடு இல்லாத காலத்து ஈஎக்ஸ்டி2-வில் வட்டின் கணக்கு முழுவதையும் வரி வரியாகத் தணிக்கை செய்ய வேண்டியிருந்தது. நான் சமையல் முடியும்வரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்டிஎஃப்எஸ் 1993-இல் விண்டோஸ் என்டி 3.1-உடன் வந்தபோதே குறிப்பேட்டோடு வந்தது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி குடும்பத்துக்கு அதை ஈஎக்ஸ்டி3 2001-இல் கொண்டுவந்தது. அதன் வாரிசான ஈஎக்ஸ்டி4, 2008 டிசம்பரில் நிலையான பதிப்பாக வெளியானது. ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் குறிப்பேடு கிடையாது. இதை மனத்தில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

குறிப்பேடு காப்பாற்றுவது பேரேட்டைத்தான். நீங்கள் பாதி தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிதத்தையும் காப்பாற்றுவதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு முன்கூட்டிச் சொல்லி நிறுத்துவதால் ஆபத்து இல்லை. ஐப்பசி இடிமழையில் ஒரு விநாடி போய்ப் போய் வருகிறதே, அதுதான் வட்டுக்கு எமன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மின்விசிறி நிற்காது, கணினி மட்டும் அணைந்து எழும். முதலில் போய் அதைப் பாருங்கள்.

விண்டோஸில் என்டிஎஃப்எஸ் தவிர வேறு வழியே இல்லையா?

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து சி டிரைவ் அதில்தான் நிறுவப்படுகிறது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அடுத்த கேள்வி.

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கணினியில் லினக்ஸ் போடுகிறேன். நிறுவும்போது நான்கைந்து பெயர்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறதே?

2025 அக்டோபர் 14-க்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஈஎக்ஸ்டி4 என்பதைச் சொடுக்கிவிட்டு அடுத்த திரைக்குப் போங்கள். அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினிக்கும் அதேதான்.

அதில் விசேஷம் எதுவும் இல்லாததுதான் அதன் விசேஷம். 1993-இல் ஈஎக்ஸ்டி2-வாக வந்து, படிப்படியாகத் திருத்தப்பட்டு இந்த நிலைக்கு வந்திருக்கிறது. பழுது பார்க்கும் கருவி உலகம் முழுக்க அடிபட்டுத் தேறியது. எந்த லினக்ஸ் மீட்பு பென் டிரைவைச் செருகினாலும் அதைப் படிக்கும். இடம் போதவில்லை என்றால் பெரிதாக்கலாம், அதிகம் என்றால் சுருக்கலாம். பட்டியலில் உள்ள எக்ஸ்எஃப்எஸ்ஸும் நல்ல சாதியைச் சேர்ந்ததுதான். 1990-களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் பெரிய பெரிய கோப்புகளுக்காகச் செய்தது. ஆனால் அதைப் பெரிதாக்கத்தான் முடியும், சுருக்குவதற்கு வழி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வட்டை அடிக்கடி பாகம் பிரித்துச் சேர்க்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

பிடிஆர்எஃப்எஸ் என்று ஒன்று இருக்கிறதாம். அதுதான் நவீனம் என்கிறான் என் பையன்.

பையன் சொல்வது பொய்யில்லை. கிறிஸ் மேசன் என்பவர் ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்தபோது 2007-இல் தொடங்கியது. 2009-இல் லினக்ஸின் மையப் பகுதியான கருவில் (கெர்னல்) சேர்ந்தது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 2020-இல் தன் மேசைக்கணினிப் பதிப்புகளுக்கு அதையே இயல்பிருப்பாக ஆக்கியது.

அதன் அடிப்படை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு. பழைய வரியின் மேல் எழுதுவதே இல்லை. மாறிய பகுதியைப் புதிய இடத்தில் எழுதிவிட்டு, "இனிமேல் அங்கே பார்" என்று சுட்டியை மட்டும் மாற்றுகிறது. பழைய வரி அழியாமல் இருப்பதால் நேற்று இருந்த நிலையை ஒரு நொடியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம். புதுப்பிப்பு ஏதாவது சொதப்பினால் நேற்றைக்கே திரும்பலாம். கூடவே ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை (உள்ளடக்கம் மாறினால் ஒத்துப்போகாத ஓர் எண்) போட்டு வைக்கிறது. ஈஎக்ஸ்டி4 தன் பேரேட்டுக்கு மட்டும்தான் அப்படிச் சரிபார்க்கிறது. உங்கள் படத்தின் நடுவில் ஒரு பிட் தானாகப் புரண்டுபோனால் ஈஎக்ஸ்டி4-க்கும் தெரியாது, என்டிஎஃப்எஸ்ஸுக்கும் தெரியாது. பிடிஆர்எஃப்எஸ் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ஆனால் ஒற்றை வட்டில் திருத்த மாட்டாது. திருத்த இன்னொரு பிரதி எங்காவது இருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் தயங்குகிறேன்? அது கோணிக்கொண்டால் சரிசெய்வது ஈஎக்ஸ்டி4-ஐப் போலச் சுலபம் இல்லை. இடம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே இடம் இல்லை என்று மறுப்பது போன்ற குணங்களும் உண்டு. பல வட்டுகளைச் சேர்க்கும் ரெய்டு 5, 6 முறைகளில் அதை நம்ப வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. பையன் உள்ளூரில் இருந்து, கையேடு படிக்கும் பொறுமையும் இருந்தால் போடுங்கள். போட்டுக் கொடுத்துவிட்டு அவன் பெங்களூருக்கு ரயில் ஏறுவதாக இருந்தால், நான் சொன்ன ஈஎக்ஸ்டி4.

இசட்எஃப்எஸ்?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் வெளியிட்டது. பிடிஆர்எஃப்எஸ் செய்ய நினைப்பதில் பலவற்றை அதற்கு முன்பே செய்துகாட்டியது. ஆனால் உரிம முரண்பாட்டால் லினக்ஸ் கருவுக்கு உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நிற்கிறது. நான்கு வட்டுகளைப் போட்டு வீட்டில் ஒரு சேமிப்பகம் கட்டுகிறவருக்கு அருமையானது. ஒற்றை வட்டுக் கணினிக்கு, ஒருவர் சாப்பாட்டுக்கு மூன்றாம் கட்டு அடுப்பு முழுவதையும் மூட்டுவது போல.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறேன். இருவருக்கும் பொதுவான பகுதிக்கு எது?

நம் ஊர் வீடுகளில் வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி, புள்ளி என்னும் ஒவ்வொரு மணமான குடும்பத்துக்கும் ஓர் அறை இருப்பதுபோல வட்டிலும் விண்டோஸுக்கு ஒரு பிரிவு, லினக்ஸுக்கு ஒரு பிரிவு. வளவு மட்டும் பொது. அந்தப் பொதுப் பிரிவுக்கு என்டிஎஃப்எஸ் போடுங்கள். விண்டோஸ் தானாக ஈஎக்ஸ்டி4-ஐப் படிக்காது; லினக்ஸோ என்டிஎஃப்எஸ்ஸை நன்றாகவே படித்து எழுதும். முன்பு என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற நிரல் வழியாக நடந்தது. 2021-இல் பாராகான் நிறுவனம் கொடுத்த புதிய இயக்கி, கருவின் 5.15 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது.

இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று. விண்டோஸ் 8 முதல் "விரைவுத் தொடக்கம்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. நீங்கள் கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காமல், கணக்குப் புத்தகத்தை மூடாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கும். லினக்ஸ் வந்து பார்த்தால் "புத்தகம் திறந்திருக்கிறது, நான் கை வைக்க மாட்டேன்" என்று படிக்க மட்டுமே அனுமதிக்கும். விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிடுங்கள். என்டிஎஃப்எஸ் பிரிவு கெட்டால் விண்டோஸ் வழியாகவே பழுது பாருங்கள். லினக்ஸில் உள்ள சிறு கருவி மேலோட்டமாகத் துடைக்குமே தவிர முழு வைத்தியம் பார்க்காது.

கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் கொடுத்தார்கள். திருப்பூட்டுகிற நேரத்தில் படம் நின்று, அடுத்த கோப்பில் தொடர்கிறது. ஏன்?

இதை ஓர் ஆச்சி கண்ணீர் விடாத குறையாகக் கேட்டார். வீடியோக்காரர் மேல் தப்பில்லை, அவர் பென் டிரைவில் ஃபேட்32 இருந்ததுதான் காரணம். அந்த முறைமை கோப்பின் அளவை 32 பிட் எண்ணாக எழுதிவைக்கிறது. எனவே ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொட முடியாது. விநாடிக்கு 8 மெகாபிட் தரத்தில் பதிவு செய்தால் சுமார் 70 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். முகூர்த்த நேரம் பார்த்தா அது வெட்டும்?

1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு ஃபேட்32 வந்தபோது வீட்டு வட்டு முழுவதுமே சில ஜிகாபைட்தான். அன்றைக்கு 4 ஜிகாபைட் கோப்பு என்பது யாரும் பார்க்காத யானை. அடுத்தமுறை காலிப் பென் டிரைவை நீங்களே எக்ஸ்ஃபேட்டில் வடிவமைத்து (ஃபார்மட் செய்து) கொடுங்கள். இப்போது இருக்கும் துண்டுகளைச் சேர்க்க இலவச நிரல்கள் இருக்கின்றன. ஆச்சிக்கு நான் சேர்த்துக் கொடுத்தேன், ஒரு தூக்கு வாளி நிறையச் சீடைக்காய் வந்தது.

அப்படியானால் எக்ஸ்ஃபேட்டையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாமே என்று நானும் நினைத்த காலம் ஒன்று உண்டு. 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதன் விவரக்குறிப்பை 2019-இல் வெளிப்படையாக்கிய பிறகு லினக்ஸ் கருவிலேயே ஆதரவு வந்துவிட்டது. மேக்கிலும் எழுதலாம். கோப்பின் அளவு பற்றிக் கவலையே இல்லை.

பக்கத்து வீட்டார் தங்கள் குடும்பத்து இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தங்களையும் மொய்ப்பண ஏடுகளையும் ஸ்கேனரில் வருடிப் படமாக்கித் தரச் சொன்னார்கள். இரண்டு வாரம் வருடினேன். எக்ஸ்ஃபேட் வெளிவட்டுக்கு நகல் எடுத்தேன். பச்சைக் கோடு முடிவுவரை ஓடியது. நான் கம்பியைப் பிடுங்கினேன். லினக்ஸில் கோடு முடிந்தாலும் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி முடித்துவிட்டது என்று பொருளில்லை. பாதுகாப்பாக வெளியேற்று என்ற பொத்தானை நான் அழுத்தவில்லை. மறுமுறை செருகியபோது வட்டை வடிவமைக்க வேண்டும் என்றது.

குறிப்பேடு இல்லை என்று மேலே சொன்னேனே, அதன் விலை இதுதான். ஃபேட்32-வில், எந்தக் கட்டம் எந்தக் கோப்புக்கு என்று சொல்லும் ஒதுக்கீட்டு அட்டவணைக்கு இரண்டு பிரதியாவது உண்டு. எக்ஸ்ஃபேட் வழக்கமாக ஒன்றே ஒன்றுதான் வைக்கிறது. ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலால் படங்களை மீட்டேன். பெயர்கள் எல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் எண்களுமாக வரிசையில் நின்றன. எந்த ஏடு எந்தத் தலைமுறையுடையது என்று பார்த்துப் பார்த்துப் பெயரிட ஒரு மாதம் ஆயிற்று. பக்கத்து வீட்டாரிடம் இன்னும் இதைச் சொல்லவில்லை.

எனவே எக்ஸ்ஃபேட் வண்டி மாதிரி. சரக்கை ஏற்றி இறக்கத்தான் வண்டி. கிடங்காக வைக்காதீர்கள்.

இன்னொரு குறையும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டில் பெரிய வட்டுகளுக்கு ஒரு கட்டத்தை 128 கிலோபைட்டாக வைக்கிறது. 10 கிலோபைட் கோப்பும் முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட சின்னக் கோப்புகள் ஒரு லட்சம் இருந்தால் என்டிஎஃப்எஸ்ஸில் ஒன்றேகால் ஜிகாபைட்டில் அடங்குவது இங்கே 13 ஜிகாபைட் கேட்கும்.

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைத்தால் சிக்கல் வருமா?

தாராளமாக வையுங்கள். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை ஆங்கிலக் கையேடுகளில் தேடினால் கிடைக்காது, அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலாவது நீளம். என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் பெயருக்கு 255 குறியீடுகள் தருகின்றன. ஈஎக்ஸ்டி4 தருவது 255 பைட். யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அங்கே 3 பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று இரண்டு குறியீடு. "கானாடுகாத்தான்" நம் கணக்கில் 7 எழுத்து, என்டிஎஃப்எஸ் கணக்கில் 14 குறியீடு, ஈஎக்ஸ்டி4 கணக்கில் 42 பைட். ஈஎக்ஸ்டி4-இல் மொத்தம் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்துவிடும். அழைப்பிதழில் இருப்பதை அப்படியே, கோவில் பெயர், பிரிவு, ஊர், இன்னாருடைய பேரன் என்று பெயராக வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விண்டோஸில் அழகாக நிற்கும் அந்தப் பெயர், லினக்ஸ் வட்டுக்கு நகலெடுக்கும்போது "பெயர் மிக நீளம்" என்று திரும்பி வரும்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. "கோவிலூர்" என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. என்டிஎஃப்எஸ்ஸுக்கும் ஈஎக்ஸ்டி4-க்கும் அவை இரு வேறு பெயர்கள். ஒரே கோப்புறையில் கோவிலூர் இரண்டு தடவை இருக்கிறதே, தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறதே என்று குழம்பினால் காரணம் இதுவாக இருக்கலாம். ஒரே விசைப்பலகை நிரலைப் பயன்படுத்துங்கள்.

லினக்ஸில் இருந்துகொண்டு "முகூர்த்தம் 9:30" என்று பெயர் வைக்காதீர்கள். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி இவை வரும் பெயர்களை விண்டோஸ் ஏற்காது.

மகன் சிங்கப்பூரிலிருந்து மேக் மடிக்கணினி கொண்டுவந்தான். என் வெளிவட்டில் படங்களைப் போட முடியவில்லை என்கிறான்.

உங்கள் வட்டு என்டிஎஃப்எஸ்ஸாக இருக்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. அவன் தன் வட்டை மேக்கின் சொந்த முறைமையான ஏபிஎஃப்எஸ்ஸில் வைத்திருந்தால் உங்கள் விண்டோஸுக்கு அது படிக்கவே வராது. இருவருக்கும் நடுவில் போய்வர எக்ஸ்ஃபேட் வண்டி. இறக்கியதும் அவரவர் கிடங்கில் நகல்.

ஈஎக்ஸ்டி4-இல் வடிவமைத்த வெளிவட்டை மருமகன் கணினியில் செருகினால் "அனுமதி மறுக்கப்பட்டது" என்கிறது. அவரும் லினக்ஸ்தான்.

ஈஎக்ஸ்டி4 ஒவ்வொரு கோப்பிலும் உரிமையாளரின் எண்ணை எழுதிவைக்கிறது, பெயரை அல்ல. உங்கள் கணினியில் நீங்கள் 1000 என்றால், அவர் கணினியில் 1000 என்பது யாரோ. இருவருக்கும் ஒரே எண் அமைந்துவிட்டால் பிரச்சினையே தெரியாது, அமையாவிட்டால் மாப்பிள்ளை வாசலில் நிற்பார். நிர்வாகி உரிமையோடு உரிமையாளரை மாற்றினால் சரியாகிவிடும். கைமாறும் வட்டுக்கு ஈஎக்ஸ்டி4 வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு டெராபைட் வாங்கினால் 931 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறிய காலத்தைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை.

லினக்ஸில் அதற்கும் மேலே இடம் குறைகிறதே?

ஈஎக்ஸ்டி4 இயல்பாக 5 விழுக்காட்டை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவிடும். 4 டெராபைட் வட்டில் அது 200 ஜிகாபைட். இயங்குதளம் இருக்கும் பிரிவில் விட்டுவைப்பது நல்லது. படங்கள் மட்டும் வைக்கும் வட்டில் டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையால் ஒரு விழுக்காடாகவோ பூஜ்யமாகவோ குறைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

வட்டுக்கு மறைகுறிப் பூட்டு (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது) போடலாமா?

மடிக்கணினிக்குப் போடுங்கள், பஸ்ஸில் தொலையக்கூடியது. விண்டோஸில் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். பிட்லாக்கரின் மீட்புச் சாவி 48 இலக்கம். சில புதிய கணினிகளில் நீங்கள் கேட்காமலே பூட்டு விழுந்திருக்கும், எனவே அந்த எண் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துத் தாளில் எழுதிவையுங்கள்.

குடும்பப் படங்கள் இருக்கும் வட்டுக்கு வேண்டாம் என்பேன். வீட்டுச் சாவி எந்தப் பங்காளியிடம் என்று தெரியாமல் வாசலில் காத்திருந்த அனுபவம் இங்கே யாருக்கு இல்லை? அங்கேயாவது ஆசாரியை அழைத்துப் பூட்டைப் பெயர்க்கலாம்.

அடிக்கடி டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை வரிசையாக அடுக்குவது) செய்ய வேண்டுமா?

சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டில் கூடவே கூடாது, வீண் தேய்மானம். சுழலும் வட்டில் விண்டோஸே வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். ஈஎக்ஸ்டி4-இல் நான் ஒருநாளும் செய்ததில்லை.

உள்ளே இருப்பதை அழிக்காமல் முறைமையை மாற்ற முடியுமா?

ஃபேட்32-விலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு விண்டோஸின் கன்வர்ட் கட்டளை மாற்றித்தரும். திரும்பி வர வழியில்லை. ஈஎக்ஸ்டி4-லிருந்து பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கும் ஒரு கருவி உண்டு. இவற்றை முதல் பிரதி இன்னொரு வட்டில் இருக்கும்போது மட்டுமே தொடுங்கள். இன்னொரு வட்டில் பிரதி இருந்தால் வடிவமைத்துவிட்டு நகலெடுப்பதே எளிது என்பது வேறு விஷயம்.

படங்களை வட்டில் போட்டு ஊரில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறோம். வருடத்தில் ஒருமுறைதான் வருவோம். எஸ்எஸ்டி வாங்கவா?

வேண்டாம். எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகத்தான் பிடித்துவைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். தொழில்துறைத் தரவரையறை வீட்டு எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில் 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏறத் தாங்கும் காலம் குறையும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை.

சுழலும் வட்டு இரண்டு வாங்குங்கள். விண்டோஸ் வீடு என்றால் இரண்டும் என்டிஎஃப்எஸ். ஒன்றை ஊரில் வையுங்கள், மாடியில் தகரத்துக்குக் கீழே இல்லாமல் பெட்டகசாலைப் பக்கம், சுவர் கனமாக இருக்கும் உள்ளறையில். மற்றதை எடுத்துப் போங்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வீட்டைத் திறக்கும்போது வட்டையும் திறந்து ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். உறையின் மேல் என்ன முறைமை, எந்த வருடம், பூட்டு உண்டா என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

வீட்டை ஒழுங்குபடுத்தியபோது பரணில் பழைய ஐடிஇ (அகலப் பட்டைக் கம்பியில் செருகும் காலத்து) வட்டு கிடைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஐடிஇ வட்டை யுஎஸ்பியில் இணைக்கும் மாற்றி கடைகளில் கிடைக்கிறது. செருகியதும் "வடிவமைக்கவா" என்று கணினி கேட்டால் எக்காரணம் கொண்டும் சரி சொல்லாதீர்கள். டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் முதலில் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக நகலெடுத்துவிட்டு, அந்த நகலில் தேடுங்கள். கிழட்டு வட்டு எத்தனை தடவை சுழலும் என்று யாருக்கும் தெரியாது.

போன வருடம் என் மைத்துனர் தேவகோட்டை வீட்டுப் பரணிலிருந்து இப்படி இரண்டு வட்டுகளைக் கொண்டுவந்தார். இரண்டும் 2005-ஆம் வருடத்தவை. ஒன்றை அவரே வடிவமைத்திருந்தார். அவருக்குக் கணினி ஒன்றும் தெரியாது, விண்டோஸ் கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தியதில் ஃபேட்32 ஆகியிருந்தது. செருகிய நிமிடத்தில் திறந்துகொண்டது.

மற்றதை வடிவமைத்தவன் நான். அன்றைக்கு ரெய்சர்எஃப்எஸ் என்றால் எங்களுக்கு அவ்வளவு மோகம். 2001-இல் லினக்ஸ் கருவில் முதன்முதலில் குறிப்பேட்டோடு சேர்ந்தது அதுதான். சின்னக் கோப்புகளில் பறக்கும். சூசே லினக்ஸ் அதையே இயல்பிருப்பாக வைத்திருந்தது. அதைப் பற்றி மைத்துனருக்கு அரைமணி நேரம் வகுப்பே எடுத்தேன். பிறகு அதை உருவாக்கிய ஹான்ஸ் ரெய்சர், மனைவியைக் கொன்ற வழக்கில் 2008-இல் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். பராமரிக்க ஆள் குறைந்தது. 2025 ஜனவரியில் வந்த கருவின் 6.13 பதிப்பிலிருந்து ரெய்சர்எஃப்எஸ்ஸை எடுத்தேவிட்டார்கள். என் புதிய லினக்ஸ் அந்த வட்டைப் பார்த்து, "அறியாத கோப்பு முறைமை" என்றது.

பழைய மடிக்கணினி ஒன்றையும், தூக்கிப் போடாமல் வைத்திருந்த பத்து வருடத்து லினக்ஸ் டிவிடி ஒன்றையும் தேடி எடுத்து, மாலைக்குள் படித்துவிட்டேன். மாமனாரின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அத்தனையும் இருந்தன. மைத்துனர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, அத்தான்" என்று மட்டும் சொன்னார்.